ஒரு பிட் பூஜ்ஜியமானால் எல்லாம் பூஜ்ஜியம்

பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தின் இரண்டாவது பாடம் எண் முறைகள். 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் எந்த எண்ணையும் எழுதுவது, கூட்டுவது, கழிப்பது, 2-இன் நிரப்பு எடுப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. பிறகு சி++ தொடங்கும் இடத்தில் பிட்நிலைச் செயற்குறிகள் வருகின்றன. நம் பிள்ளைகளில் பலர் இந்த இரண்டு இடங்களையும் ஒரே மாதிரிதான் கடக்கிறார்கள். "இரண்டால் வகு, மீதியைக் கீழிருந்து மேலே எழுது" என்று மனப்பாடம் செய்கிறார்கள். மார்க் வாங்குகிறார்கள். மறந்துவிடுகிறார்கள். எதற்காக இரண்டால் வகுக்கிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

பிறகு கல்லூரி வருகிறது. 2021-இல் வந்த சட்டத்தால் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம் கிடைக்கிறது. அது பெரிய கதவு. ஆனால் கதவைத் தாண்டி உள்ளே போனவுடன், "இதெல்லாம் ப்ளஸ் ஒன்லயே படிச்சிருப்பீங்க" என்ற ஒரு வாக்கியத்தில் பிட் கணக்கு முடிந்துவிடுகிறது. புரியாத பிள்ளை கையைத் தூக்குவதில்லை. தூக்கினால் "கோட்டாவுல வந்தது" என்ற பார்வை திரும்பும் என்று அதற்குத் தெரியும். பாகலூர்ப் பக்கம் மாலை நேரங்களில் மாணவர்களோடு உட்காரும் நாங்கள் இந்த மௌனத்தை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்.

தோழர்களே, இந்தப் பாடத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்பதுதான் நாம் சொல்ல வருவது. வேலை கிடைக்கும் என்பது மட்டும் காரணமல்ல. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்று ஓர் இயந்திரம் முடிவெடுக்கும் முறையின் பெயர்தான் பிட் கணக்கு. உள்ளே, வெளியே என்ற கணக்கில் நம்மைவிட அனுபவம் உள்ளவர்கள் யார்?

ஆழாக்கில் இருக்கும் கணக்கு

முதலில் ஒரு பயத்தை விரட்ட வேண்டும். இருநிலைக் கணக்கு எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்தது, இங்கிலீஷ் தெரிந்தவனுக்குத்தான் வரும் என்ற பயம்.

நம் பாட்டிமார் தானியம் அளந்த அளவைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஒவ்வோர் அளவும் கீழே உள்ளதைப் போல இரண்டு மடங்கு. ஆழாக்கை 1 என்று வைத்தால் உழக்கு 2, உரி 4, படி 8. இருநிலை எண்ணின் இட மதிப்புகள் இவைதாம்.

ஐந்து ஆழாக்குத் தானியத்தைக் குறைந்த பாத்திரங்களில் அளந்து கொடுக்கச் சொன்னால் ஓர் உரியும் ஓர் ஆழாக்கும் போதும். உழக்கு வேண்டாம். உரி உண்டு, உழக்கு இல்லை, ஆழாக்கு உண்டு: 101. இதுதான் இருநிலையில் ஐந்து.

கூட்டல் இன்னும் எளிது. ஆழாக்கோடு ஆழாக்கு சேர்ந்தால் உழக்கு நிறைந்துவிடும், ஆழாக்கு இடம் காலியாகும். ஒன்றும் ஒன்றும் 10 என்று புத்தகம் சொல்வதும், மேலே ஒன்று ஏறுகிறது என்று ஆசிரியர் சொல்வதும் இதைத்தான். மூன்று ஆழாக்கோடு மூன்று ஆழாக்கைச் சேர்த்துப் பாருங்கள். 011, 011. ஆழாக்குகள் இரண்டும் ஓர் உழக்காகி மேலே போகின்றன. ஏற்கெனவே இருக்கும் இரண்டு உழக்கோடு அது சேர்ந்து மூன்று உழக்கு. அதில் இரண்டு ஓர் உரியாகிறது, ஒன்று தங்குகிறது. உரி ஒன்று, உழக்கு ஒன்று, ஆழாக்கு இல்லை: 110. ஆறு.

பாகலூரில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைகள் நிறைய. அவர்கள் வீட்டில் சேர், பாவு என்று சொல்வார்கள். அரைசேர், அதில் பாதி பாவு, அதில் பாதி அரைப்பாவு. அங்கும் எல்லாம் பாதி பாதிதான். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு 1957 வரை இருந்தது. எட்டணா, நாலணா என்ற பேச்சு இன்றும் இருக்கிறது. 16, 8, 4. எண்களை இடப்பக்கம் ஓர் இடம் நகர்த்தினால் இரட்டிப்பு, வலப்பக்கம் நகர்த்தினால் பாதி என்று பிட்நிலை நகர்த்தலைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். வலப்பக்கம் நகர்த்தும்போது கடைசியில் இருக்கும் 1 கீழே விழுந்துவிடும். ஐந்தைப் பாதியாக்கினால் கணினி இரண்டு என்று சொல்லும், மிச்சத்தைக் கணக்கில் வைக்காது. படியால் கூலி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அளக்கும்போது மிச்சம் யார் பக்கம் சாய்கிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தமிழ் இலக்கணப் பாடத்திலும் இது இருக்கிறது. அசை இரண்டே வகை: நேர், நிரை. ஈரசைச் சீர் நான்கு: தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். மூவசைச் சீர் எட்டு. நாலசைச் சீர் பதினாறு. இரண்டு இலக்கத்தில் நான்கு எண், மூன்றில் எட்டு, நான்கில் பதினாறு. அலகிட்டு வாய்பாடு எழுதத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இருநிலை ஏற்கெனவே பாதி தெரியும். தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. "இருநிலைக் கணக்கைக் கண்டுபிடித்தவர் நம்ம பிங்கலர், ஐரோப்பாவின் லைப்னிட்ஸ் 1703-இல்தான் எழுதினார்" என்று பெருமையோடு பரப்பப்படும் செய்திகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிங்கலர் சமஸ்கிருத யாப்பில் குறில், நெடில் அசைகளை வரிசைப்படுத்திக் கணக்கிட்டது உண்மை. அது நல்ல கணக்கு. ஆனால் அந்த மொழியைக் கற்கும் உரிமை யாருக்கு இருந்தது, அதைக் காதால் கேட்கக்கூட யாருக்குத் தடை இருந்தது என்ற கேள்வியை அந்தச் செய்திகள் கேட்பதில்லை. அறிவு இருந்தது என்பது பாதி வரலாறு. அது யாரிடமிருந்து மறைக்கப்பட்டது என்பது மீதி.

செருப்புத் தைத்தவரின் மகன்

அண்ட், ஆர், நாட். இந்த மூன்று சொற்களில் எல்லா நிபந்தனையையும் இயற்கணிதமாக எழுத முடியும் என்று காட்டியவர் ஜார்ஜ் பூல். பூலியன் இயற்கணிதம் என்று அதே எண் முறைகள் பாடத்தில் வருவது அவர் பெயரில்தான். 1815-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்தார். அவருடைய அப்பா செருப்புத் தைக்கும் தொழிலாளி. பூல் பெரும்பாலும் தானாகவே படித்தார், பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியதில்லை. ஆனாலும் 1849-இல் அயர்லாந்தின் கார்க் நகரக் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். 1854-இல் அவருடைய முக்கியமான நூல் வந்தது. 1937-இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்க மாணவர், மின்சுற்றில் ஸ்விட்ச் திறப்பதையும் மூடுவதையும் பூலின் கணிதத்தால் எழுதலாம் என்று தன் முதுகலை ஆய்வேட்டில் நிறுவினார். இன்றைய கணினிச் சுற்றுகள் அந்த வழியில் வந்தவை.

இந்தச் செய்தியை வகுப்பில் சொல்கிறார்களா? தோல் தொழிலைச் சொல்லியே இழிவுபடுத்தப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. பலகையில் எழுதியிருப்பது ஒரு செருப்புத் தொழிலாளியின் மகன் தந்த கணிதம் என்று அதற்குத் தெரிந்தால் அந்த நாள் வேறு மாதிரி இருக்கும்.

அதே சமயம் இதை வைத்து "உழைத்தால் யாரும் உயரலாம்" என்று யாராவது உபதேசம் செய்ய வந்தால் நிறுத்திக் கேட்க வேண்டும். பூலைத் தடுத்தது வறுமை. அவர் அப்பா தொட்ட புத்தகம் தீட்டு என்று அந்த ஊரில் யாரும் சொல்லவில்லை. தொழில் வேறு, சாதி வேறு.

மெஷினுக்கு முன்னால் நிற்பவர்கள்

பாகலூரைச் சுற்றி ரோஜாத் தோட்டங்களும் பசுமைக்குடில்களும் இருக்கின்றன. ஓசூர்ப் பக்கம் சிப்காட், அசோக் லேலண்ட், டிவிஎஸ், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் எத்தனையோ சின்னக் கம்பெனிகள். நம் இளைஞர்கள் பலர் அங்கே காண்ட்ராக்ட் ஆட்களாகப் போகிறார்கள்.

அங்கே ஓடும் மெஷின்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் நடப்பது பெரும்பாலும் பிட் கணக்குதான். எட்டு சென்சார்களின் நிலை ஒரே பைட்டில் வரும். கதவு மூடியிருந்தால் 1, திறந்திருந்தால் 0. கை உள்ளே இல்லையென்றால் 1, இருந்தால் 0. ஆபத்துப் பொத்தான் அழுத்தப்படாமல் இருந்தால் 1. குறிப்பிட்ட சில பிட்களை மட்டும் பார்க்க, அந்த இடங்களில் 1 வைத்த இன்னோர் எண்ணோடு அண்ட் போடுவார்கள். அதற்கு மாஸ்க் என்று பெயர். மாஸ்க்கில் 1 இருக்கும் இடம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும், மற்றதெல்லாம் பூஜ்ஜியமாகிவிடும். பார்க்க வேண்டிய எல்லாம் 1 என்றால்தான் பிரஸ் இறங்க வேண்டும்.

உற்பத்தி வேகம் குறைகிறது என்று சென்சாரை "பைபாஸ்" செய்வது என்றால் என்ன என்று பவர் பிரஸ்ஸில் வேலை செய்த எவரும் சொல்வார்கள். பிட் மொழியில் அது ஓர் ஆர். கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த பிட் 1 என்று வைத்துவிடுவது. 0 ஆர் 1 என்றாலும் 1, 1 ஆர் 1 என்றாலும் 1. மெஷினுக்குக் கை தெரியாது. விரல் போகும். ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-இன் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அந்தத் தடுப்பு இன்று பல இடங்களில் வெறும் இரும்பு வலை அல்ல, ஒரு பிட். அதைப் படிக்கத் தெரிந்த தொழிலாளி, "இந்த இன்புட் எப்போதும் ஆனிலேயே நிற்கிறது, ஏன்?" என்று கேட்பார். தெரியாதவர் மேல், விபத்துக்குப் பிறகு "கவனக்குறைவு" என்று எழுதிவிடுவார்கள்.

எழுதுகிறவர் ஏசி அறையில், நிற்கிறவர் மெஷின் முன்னால் என்ற பிரிவினை தானாக வந்ததல்ல. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடத்தை யாருக்கு ஒழுங்காக நடத்தினோம் என்பதிலும் அது தொடங்குகிறது.

உதவித்தொகையும் ஓர் அண்ட்

இனி நம் எல்லோருக்கும் தெரிந்த கணக்குக்கு வருவோம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. ஒன்றியத் திட்டத்தில் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். அதன் நிபந்தனைகளை ஐந்து பிட்டாக எழுதிப் பார்க்கலாம். அரசு மென்பொருள் அப்படியே இப்படித்தான் இருக்கிறது என்று சொல்லவில்லை. விதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இது ஒரு வழி.

சாதிச் சான்று 1. வருமானச் சான்று 2. ஆதார் 4. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு 8. கல்லூரியின் சரிபார்ப்பு 16. எல்லாம் இருந்தால் 11111, அதாவது 31. ஒரு மாணவிக்கு வங்கி இணைப்பு மட்டும் இல்லை. அவள் எண் 10111, அதாவது 23. 23-ஐ 31-ஓடு அண்ட் போட்டால் 23. 31 வரவில்லை. பணம் வராது. நான்கு சரியாக இருந்தும் ஒன்று பூஜ்ஜியம் என்பதால் விடை பூஜ்ஜியம்.

கவுன்டரில் போய் நின்றால் என்ன பதில் வருகிறது? "சிஸ்டம்ல வரல." இதே 23-ஐயும் 31-ஐயும் எக்ஸ்ஆர் போட்டுப் பாருங்கள். இரண்டு பிட்டும் வேறுபட்டால் மட்டும் 1 தருவது எக்ஸ்ஆர். விடை 01000, அதாவது 8. குறைவது வங்கி இணைப்பு. அவள் வங்கிக்குப் போய் அதைச் சரிசெய்துவிட்டால் 23 ஆர் 8 என்பது 31. பணம் வரும். ஒரே ஒரு எக்ஸ்ஆர் வரிதான், அந்தப் பிள்ளை கல்லூரியில் தொடருமா, கட்டணம் கட்ட முடியாமல் நின்றுவிடுமா என்ற வித்தியாசத்தை உண்டாக்குகிறது. "நிராகரிக்கப்பட்டது" என்று மட்டும் சொல்லும் நிரலை எழுதியவருக்கு, அந்த கவுன்டரில் நின்ற அனுபவம் இல்லை. நின்றவர் எழுதியிருந்தால் காரணத்தையும் எழுதியிருப்பார்.

அண்ட், ஆர் என்பவை கணினிக்கு முன்பே சட்டத்தில் இருந்தவை. 1950-இன் பட்டியல் சாதிகள் ஆணை ஒரு நிபந்தனை வாக்கியம்தான். பட்டியலில் உள்ள சாதி, அண்ட் இந்து. 1956-இல் ஆர் சீக்கியர் சேர்ந்தது. 34 ஆண்டு கழித்து 1990-இல் ஆர் பௌத்தர் சேர்ந்தது. கிறித்தவ, இஸ்லாமிய தலித்துகளுக்கான ஆர் இன்னும் எழுதப்படவில்லை. அதே சேரி, அதே தெரு, அதே தீண்டாமை. ஒரு பிட் மாறியதால் விடை பூஜ்ஜியம்.

நம் எல்லைப் பகுதிக்கு இன்னோர் அண்ட் உண்டு. பாகலூரிலிருந்து மாலூர்ச் சாலையில் போனால் சற்று நேரத்தில் கர்நாடகம் வந்துவிடும். இரு பக்கமும் உறவு, இரு பக்கமும் ஒரே சாதிப் பெயரைச் சொல்லி ஒரே இழிவு. ஆனால் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலத்தில் பெற்ற பட்டியல் நிலையைப் பிழைப்புக்காகக் குடிபெயர்ந்த மாநிலத்தில் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990-இல் சொன்னது. பட்டியல் சாதி, அண்ட் இந்த மாநிலம். மாலூரிலிருந்தோ ஆனேக்கல்லிலிருந்தோ பிழைக்க வந்த குடும்பத்தின் பிள்ளைக்கு, தீண்டாமை எல்லை தாண்டி வருகிறது, இடஒதுக்கீடு வருவதில்லை.

இதையெல்லாம் பிட்டில் எழுதிப் பார்த்தால் சட்டம் மாறிவிடாது. ஆனால் எந்த இடத்தில் அண்ட் இருக்கிறது, அதை யார் வைத்தார், எங்கே ஆர் கேட்க வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரியும். கோரிக்கை கூர்மையாகும்.

வரும் கேள்விகள்

"கோடிங் படித்தால் சாதி போய்விடுமா?" போகாது. அமெரிக்காவில் சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளர் மீது சாதிப் பாகுபாடு காட்டப்பட்டதாக 2020-இல் கலிபோர்னியா அரசுத் துறையே வழக்குத் தொடர்ந்தது. மென்பொருள் அறைக்குள்ளும் சாதி வருகிறது. அதனால்தான் நாமும் உள்ளே இருக்க வேண்டும்.

"ஏஐ எல்லாம் எழுதிவிடும், பிட் எதற்கு?" ஏஐ எழுதியதைச் சரியா என்று பார்ப்பது யார்? ஓர் எண்ணுக்கு எத்தனை பிட் ஒதுக்கினோம் என்பது சின்ன விஷயம் இல்லை. குறியுடைய எட்டு பிட்டில் 127-ஓடு ஒன்று கூட்டினால் -128 ஆகிவிடும். நேரத்தை 32 பிட்டில் எண்ணும் பழைய கருவிகளுக்கு 2038 ஜனவரி 19 அன்று இதே கதிதான். அன்றைக்கு இந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்யப் போவது இன்று ப்ளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள்.

"களத்தில் ஆயிரம் பிரச்சினை இருக்க, 0, 1 படிப்பதா?" வகுப்பறையும் களம்தான் தோழர்களே.

என்ன செய்வது

பள்ளிகளில் கணினி அறிவியல் பிரிவுக்கு நிரந்தர ஆசிரியரும், வேலை செய்யும் ஆய்வகமும் வேண்டும் என்று கேட்போம். கல்லூரி முதல் ஆண்டில், "படித்திருப்பீர்கள்" என்று தாண்டாமல், தமிழில் விளக்கி இருநிலையைத் தொடக்கத்திலிருந்து நடத்தும் இணைப்பு வகுப்பு வேண்டும் என்று கேட்போம். உதவித்தொகை நிராகரிக்கப்பட்டால் எந்த நிபந்தனையால் என்று எழுத்தில் கேட்போம். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோம்.

கல்லூரிக்குப் போன அண்ணன்களும் அக்காக்களும் வாரத்தில் ஒரு மாலை ஊருக்கு வந்து உட்காருங்கள். கம்ப்யூட்டர் இல்லையென்று காத்திருக்க வேண்டாம். ஒரு கை போதும். கட்டைவிரல் 1, அடுத்து 2, 4, 8, சுண்டுவிரல் 16. நீட்டினால் 1, மடக்கினால் 0. ஒரு கையில் 31 வரை எண்ணலாம், இரண்டு கையில் 1023 வரை. சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே வந்துவிடும். வந்த பிறகு அந்த ஐந்து விரலுக்கும் ஐந்து சான்றிதழின் பெயரை வையுங்கள். எந்த விரல் மடங்கியிருக்கிறது, அதை மடக்கியது யார் என்று அவர்களே கேட்பார்கள்.

ஜெய்பீம்.